மதுரா கால்: முள் குத்திய இடத்தில் தொடங்கும் நோயைப் பற்றி வாசகர் கேள்விகள்

ஆறாத கால் புண்களைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பு எழுதியபோது, மதுரா கால் என்னும் நோயை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருந்தேன். அதைப் படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தபோது, அவ்வளவு சுருக்கமாக அதைக் கடந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அரிதான நோய்தான்; ஆனால் வந்தவரின் வாழ்வில் பத்து ஆண்டுகளையும் சில வேளைகளில் ஒரு காலையும் எடுத்துக்கொண்டு போகும் நோய். ஆகவே இம்முறை பதில்கள் அனைத்தையும் அந்நோய்க்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 54. ஆடு மேய்ப்பவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் வலது உள்ளங்காலில் சீமைக்கருவேல முள் குத்தியது; முள்வாங்கியால் எடுத்துவிட்டார். ஓராண்டு கழித்து அதே இடத்தில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார். இப்போது பாதம் முழுவதும் வீங்கி, ஐந்தாறு இடங்களில் துளை விழுந்து நீர் கசிகிறது. கட்டுத் துணியில் கடுகு போலக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரு மருத்துவர் யானைக்கால் என்றார். மற்றொருவர் எலும்பில் சீழ் என்றார். மூன்றாமவர் மதுரா கால் என்று சொல்லி, காலை எடுத்துவிடுவதே நல்லது என்கிறார். கால் போனால் ஆட்டுக்குப் பின்னால் நடப்பது யார் என்று கேட்டு அப்பா மருத்துவமனைக்கே வர மறுக்கிறார். நாங்கள் என்ன செய்வது? (ஒரு மகள், திருச்சுழி வட்டம்)

பதில்: கட்டுத் துணியில் கடுகு போல ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் பெயரை அதுவே சொல்லிவிடுகிறது. வலியில்லாத வீக்கம், தோலில் புரையோடிய துளைகள், அந்தத் துளைகளின் வழியே வெளிவரும் குருணை ஆகிய மூன்றும் ஒருவருக்குச் சேர்ந்து இருந்தால், மருத்துவர் முதலில் நினைக்க வேண்டியது மைசிடோமா என்னும் மதுரா காலைத்தான். யானைக்காலில் பாதம் வீங்கும். ஆனால் இப்படிப் பல வாய்கள் திறந்து குருணை வருவதில்லை. எலும்பில் சீழ் பிடித்தாலும் புரை ஓடும், சில வேளைகளில் எலும்புச் சில்லுகள்கூட வரும்; இந்தக் குருணை வராது.

குருணை என்பது அழுக்கோ உறைந்த இரத்தமோ அல்ல. மண்ணிலும் முள்ளிலும் வாழும் கிருமி, முள்ளோடு தோலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் பெருகி, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. அந்த ஓட்டுக்குள் மருந்தும் எளிதில் நுழைவதில்லை, உடலின் எதிர்ப்புச் செல்களும் நுழைவதில்லை. இந்த நோய் ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மதுரா கால் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று பூஞ்சையால் வருவது. மற்றது பூஞ்சையைப் போல இழையிழையாக வளரும் பாக்டீரியாவால் வருவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். மருந்தோ முற்றிலும் வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றதை ஒன்றும் செய்யாது. இந்த ஒரு வேறுபாட்டை முதலிலேயே தீர்மானிக்காமல் தொடங்கப்படும் எந்தச் சிகிச்சையும் காலத்தையும் பணத்தையும் கரைப்பதாகவே முடியும் என்பதை, இந்தக் கடிதங்களுக்கெல்லாம் பொதுவான பதிலாகவே சொல்லிவிடலாம். உங்கள் தந்தையாருக்குக் குருணை கறுப்பு என்பதால், அது பூஞ்சை வகை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மதுரெல்லா மைசிடோமேட்டிஸ் என்னும் பூஞ்சையே கறுப்புக் குருணைக்குப் பெரும்பாலும் காரணம். சிவப்பாக இருந்திருந்தால் பாக்டீரியா என்று கொள்ளலாம். வெள்ளையோ மஞ்சளோ ஆனால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு வகையிலும் அவை உண்டு.

அடுத்தது காலைப் பற்றிய அச்சம். எலும்புகள் பெருமளவு அரிக்கப்பட்டு, மருந்தும் பலனளிக்காமல், பாதம் நிற்கவே உதவாத நிலைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முடிவுதான் காலை எடுப்பது. அந்த இடத்திலிருந்து சிகிச்சையைத் தொடங்குவதில்லை. நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் சிறு வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளியும் தெரிந்தால், அது இந்நோய்க்கே உரிய அடையாளம். புள்ளி குருணை, வட்டம் அதைச் சுற்றிய அழற்சி. அதன் பின் ஆழத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பரிசோதித்து, பூஞ்சைதான் என்று உறுதியானால், இட்ராகோனசோல் என்னும் மாத்திரையைப் பொதுவாக நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் அளவில் மாதக்கணக்கில் கொடுப்பார்கள். இந்த மருந்து நோயை உடனே அழித்துவிடுவதில்லை. பரவிக் கிடக்கும் நோயை ஓரிடத்தில் திரட்டி, அதைச் சுற்றித் தடித்த உறை ஒன்று உண்டாகச் செய்கிறது. சுமார் ஆறு மாதம் மருந்து உண்ட பிறகு அறுவை செய்தால், பலாச்சுளையைத் தோண்டி எடுப்பதுபோல நோயை உறையோடு முழுதாக எடுக்க முடிகிறது. மருந்து இல்லாமல் அவசரமாகக் கத்தி வைத்தால் உறையற்ற நோய் சிதறி, சில ஆண்டுகளில் அதே இடத்தில் மீண்டும் தலைதூக்குகிறது. அறுவைக்குப் பிறகும் மருந்தை நிறுத்தக் கூடாது. மொத்தம் ஓர் ஆண்டு, பலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

பூஞ்சை வகையில் முழுக் குணம் என்பது பாக்டீரியா வகையைப் போல எளிதன்று, மீண்டும் வருவதும் உண்டு. இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் கூற நான் விரும்பவில்லை. ஆனால் ஏழு ஆண்டு நோயில் கூட எலும்பு பெரிதும் பாதிக்கப்படாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். படம் எடுத்துப் பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது. தந்தையாரிடம், காலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லி, விருதுநகரிலோ மதுரையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய கட்டுத் துணியை எறிந்துவிடாமல், ஒட்டிய குருணையோடு ஒரு சுத்தமான டப்பாவில் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் மூட்டை தூக்கும் தொழிலாளி, வயது 29. இடது தோள்பட்டைக்குப் பின்னால் வீங்கிச் சீழ் வடிந்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் வடிவது குறைந்தது. பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. இப்போது சதை எடுத்துப் பார்த்து 'ஆக்டினோமைசிடோமா' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஊசி போட வேண்டுமாம். காது கேட்காமல் போகலாம் என்கிறார்கள். காலில் வர வேண்டிய நோய் தோளில் எப்படி வந்தது? ஊசி போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: மதுரா கால் என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. வெறுங்காலோடு நடப்பவருக்குப் பாதத்தில் வருவது போல, விறகும் மூட்டையும் சுமப்பவருக்குத் தோளிலும் முதுகிலும் பிடரியிலும் வரலாம். மண்ணோடு சிராம்பு எங்கே குத்துகிறதோ அங்கே வரும்.

காசநோய் மாத்திரையில் முதலில் குணம் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. அம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்கு இந்தப் பாக்டீரியாக்களின் மீதும் ஓரளவு வேலை உண்டு; முழுவதும் கொல்லாமல் அடக்கி வைக்கும். மருத்துவர் நல்ல பாதையில் போகிறோம் என்று நம்புவதற்கும், நோயாளி ஆறு மாதத்தை இழப்பதற்கும் அந்த அரைகுறைக் குணமே போதுமானதாகிவிடுகிறது. நம் நாட்டில் புரையோடிய புண்ணைக் கண்டால் காசநோயை நினைப்பது தவறில்லை. சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் ஆறு மாதம் மருந்தைத் தொடர்வதுதான் தவறு. அதை நான் வன்மையாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே கதையோடு வரும் நோயாளிகளை இன்றும் பார்க்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது பாக்டீரியா வகை. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவதும் அதுவே. இரண்டு வகைகளில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது இதுதான் என்பதால், நீங்கள் நம்பிக்கையோடு சிகிச்சையைத் தொடங்கலாம். பெரும்பாலோருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட முறை மெக்சிகோவில் வகுக்கப்பட்டது: அமிகாசின் ஊசி 21 நாள், அதோடு கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை 35 நாள், இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. நோயின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நான்கு சுற்றுகள் வரை தேவைப்படலாம். ஊசியை நிறுத்தி மாத்திரை மட்டும் ஓடும் அந்த இரண்டு வாரத்தில்தான் காதையும் சிறுநீரகத்தையும் பரிசோதிப்பார்கள். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தோல் துறையினர் வகுத்த வேறொரு முறையும் நம் நாட்டில் வழக்கில் உள்ளது; அதில் ஜென்டாமைசின் ஊசியோடு தொடங்கி, பிறகு மாத்திரைகளாகவே மாதக்கணக்கில் தொடர்வார்கள்.

காது பற்றிய அச்சம் நியாயமானது. அமிகாசின் உட்காதின் நுண்ணிய செல்களைக் கெடுக்கக்கூடியது. கெட்டால் திரும்புவதும் அரிது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே கேட்கும் திறனைக் கருவியில் சோதித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காதில் இரைச்சல், தலைச்சுற்றல், நடக்கும்போது தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம். கோ-ட்ரைமாக்ஸசோல் ஒரு சல்ஃபா மருந்து; சல்ஃபா மாத்திரையால் உங்களுக்கு முன்பு எப்போதாவது உடலில் தடிப்போ கொப்புளமோ வந்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கவனத்தோடு போட்டுக்கொள்ளும் ஊசியைவிட, போட்டுக்கொள்ளாமல் விடும் நோய்தான் உங்களுக்கு ஆபத்து. தோளிலிருந்து நெஞ்சுக்கூட்டுக்கும் முதுகெலும்புக்கும் தொலைவு அதிகமில்லை.

கேள்வி: இந்நோய்க்கு எங்கள் ஊரின் பெயர் எப்படி வந்தது? மதுரையில் பிறந்தவன் என்ற முறையில் வருத்தமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: வருந்த வேண்டியதில்லை, ஐயா. மதுரையிலிருந்துதான் நோய் உலகுக்குப் பரவியது என்று இப்பெயருக்குப் பொருளில்லை. மதுரையில்தான் ஒரு மருத்துவர் அதைக் கூர்ந்து பார்த்து எழுதி வைத்தார் என்பதே பொருள். 1842இல் மதுரை மருந்தகத்திலிருந்து கில் என்ற மருத்துவர் அனுப்பிய குறிப்பிலும், 1846இல் கோல்புரூக் எழுதியதிலும் இந்நோய் தனி நோயாக விவரிக்கப்பட்டது. 'மதுரா கால்' என்ற பெயர் அப்போது நிலைத்தது. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரிமார் இதை 'எறும்புக் கால்' என்று குறித்திருக்கிறார்கள். துளை துளையாக வாய் திறந்து நிற்கும் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு எறும்பும் கறையானும் கட்டிய புற்று நினைவுக்கு வந்திருப்பது இயல்பே. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலிலும் 'வன்மீகம்', அதாவது புற்று, என்ற பெயரில் ஒரு நோய் சொல்லப்படுகிறது. தமிழில் புற்று என்ற சொல் இன்று வேறொரு நோய்க்கு உரியதாகிவிட்டதால், இந்த ஒப்புமையை நோயாளியின் காதில் விழும்படி நான் சொல்வதில்லை.

இது பூஞ்சையால் வருவது என்று கண்டு, 1860இல் 'மைசிடோமா' என்ற பெயரை வைத்தவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வாண்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் புகழ்பெற்ற ஆங்கில உடற்கூறியல் நூல் ஒன்றுக்குப் படங்கள் வரைந்தவரும் அவரே. குருணையை அவர் அவ்வளவு நுட்பமாகப் பார்த்ததற்கு ஓவியரின் கண்ணும் உதவியிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். பூஞ்சை வகை, பாக்டீரியா வகை என்ற பிரிவு 1913இல் பினாய் என்பவரால் வந்தது. உங்கள் ஊரின் பெயர் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது: பூஞ்சைக்கு மதுரெல்லா, பாக்டீரியாவுக்கு ஆக்டினோமதுரா.

இன்று நோய் மிகுந்து காணப்படுவது சூடானில். மெக்சிகோ, செனகல், சோமாலியா, ஏமன் முதலிய நாடுகளிலும், இங்கே இராஜஸ்தானிலும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலும் இருக்கிறது. முள்மரமும் குறுகிய மழைக்காலமும் வெறுங்காலும் சேருமிடமெல்லாம் இதன் ஊர்தான். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மதுரையிலிருந்து குறிப்பு எழுதப்பட்டு 174 ஆண்டுகள் கழித்து.

கேள்வி: என் கணவருக்கு மதுரா கால் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அவர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டுமா? குழந்தைகளுக்கு இருக்கும் படர்தாமரையும் இவரிடமிருந்து வந்ததா? (வாசகி, பரமக்குடி)

பதில்: இல்லை, அம்மா. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தட்டு, பாய், துணி, தாம்பத்தியம் எதிலும் விலக்கம் தேவையில்லை. படர்தாமரை தோலின் மேற்பரப்பில் மட்டும் வாழும் வேறொரு பூஞ்சையால் வருவது, அது தொற்றும். குழந்தைகளுக்கு அதைத் தனியாகக் காட்டி மருத்துவம் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம்.

கேள்வி: பூஞ்சை வகை மதுரா கால் என்று கண்டு ஐந்து மாதமாக இட்ராகோனசோல் உண்கிறேன். துளைகள் எல்லாம் மூடிவிட்டன. மாதம்தோறும் பெரும் செலவாகிறது. வயிற்றெரிச்சலுக்காகக் காலையில் ஒரு மாத்திரையும், கொழுப்புக்காக இரவில் ஒரு மாத்திரையும் உண்டு. இனி நிறுத்திவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நிறுத்தக் கூடாது. துளை மூடுவது தோலின் செய்தி; நோய் இருப்பது தோலுக்குக் கீழே. வீக்கம் அடங்கி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குருணை தெரியாமல், ஊசியால் எடுத்துப் பார்த்தாலும் கிடைக்காமல் போன பிறகே மருத்துவர் நிறுத்தத்தைப் பற்றி யோசிப்பார். உங்கள் நிலையில் இது அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டிய காலமும்கூட.

அதைவிட அவசரமாக வேறொன்று சொல்ல வேண்டும். இட்ராகோனசோல் காப்ஸ்யூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரைந்து இரத்தத்தில் சேரும். நீங்கள் உண்பது ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையானால், ஐந்து மாதமாக விலை கொடுத்து வாங்கியதில் கணிசமான பகுதி பயனில்லாமல் போயிருக்கலாம். காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் அல்லாமல், வயிறார உண்ட உடனே விழுங்க வேண்டும். இரண்டாவது, கொழுப்புக்கான மாத்திரை சிம்வாஸ்டாட்டினோ லோவாஸ்டாட்டினோ ஆனால் இதனோடு சேரவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் ஆனாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும். கொழுப்புக்கான அந்த மருந்து இரத்தத்தில் மிகுந்து தசைகளை அழிக்கும் அபாயம் உண்டு. தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலியோ, சிறுநீர் கறுத்து வருவதோ இருந்தால் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. மூச்சு வாங்கினாலோ இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கினாலோ சொல்ல வேண்டும். கல்லீரல் பரிசோதனையையும் உங்கள் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ளுங்கள். உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வைத்துவிடுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அதுவே பாதுகாப்பு.

செலவைப் பற்றி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டால் மருந்து அங்கேயே கிடைக்கிறதா என்று கேளுங்கள், அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டா என்றும் அங்குள்ள அலுவலரிடம் விசாரியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் உண்ணும் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை இட்ராகோனசோலோடு ஒப்பிட்டு, சூடானில் 2017இல் ஓர் ஆய்வு தொடங்கி நடத்தி முடித்திருக்கிறார்கள். தினமும் வேளைக்கு வேளை விழுங்க வேண்டிய சுமை குறையும் என்பதால் அதன்மீது எனக்கு ஆர்வம் உண்டு. இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் மருந்தைச் சரியாக உண்பதே உங்களைக் காக்கும்.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ இப்படிப்பட்ட பாதத்தோடு கட்டுப் போட வருகிறார்கள். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினால், 'குருணை எதுவும் காணப்படவில்லை' என்ற சீட்டோடு திரும்பி வருகிறார்கள். எங்கள் நிலையிலேயே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? (செவிலியர், கமுதி வட்டாரம்)

பதில்: உண்டு, சகோதரி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நோயாளி பெரிய மருத்துவமனையின் வரிசையில் நின்று உள்ளே போகும் அந்த ஐந்து நிமிடத்தில் குருணை வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதை இரவு முழுவதும் காத்திருந்து பிடிக்க வேண்டும்.

துளைகளைச் சுற்றியுள்ள பொருக்கை உப்புநீரால் ஊறவைத்து மெதுவாக அகற்றுங்கள். வாய் திறந்திருக்கும் துளைகளின்மீது உப்புநீரில் நனைத்த வெள்ளை காஸ் துணியை வைத்து, மேலே தளர்வாகக் கட்டிவிடுங்கள். களிம்பும் வேண்டாம், மஞ்சள் நிறக் கிருமிநாசினியும் வேண்டாம். நிறத்தை அவை மறைத்துவிடும். மறுநாள் காலையில் நல்ல வெளிச்சத்தில் அந்தத் துணியைப் பிரித்தால் குருணை இழைகளில் சிக்கியிருக்கும். கறுப்பானால் கடுகைப் போலவும் வெடிமருந்துப் பொடியைப் போலவும் இருக்கும். வெள்ளையானால் ரவையைப் போல இருக்கும். நோகார்டியா என்ற பாக்டீரியாவின் குருணை மிகச் சிறியது, கண்ணுக்குத் தப்பிவிடும், கை லென்ஸ் இருந்தால் நல்லது. ஊசிமுனையால் ஒன்றை எடுத்து, உப்புநீரில் அலசி, விரல் இடுக்கில் கையுறையோடு நசுக்கிப் பாருங்கள். சீழ்க்கட்டி மசிந்துவிடும், குருணை உறுத்தும். நிறம், அளவு, கடினம் மூன்றையும் பரிந்துரைச் சீட்டில் எழுதிவிடுங்கள். அந்த மூன்று சொற்கள் அங்கிருக்கும் மருத்துவரின் பாதி வேலையை முடித்துவிடும்.

உங்கள் நிலையத்தில் ஆய்வக நுட்புநர் இருந்தால், ஒரு குருணையை இரண்டு ஸ்லைடுகளுக்கு இடையில் நசுக்கி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்க்கச் சொல்லலாம். பூஞ்சையின் இழைகள் தடித்து, குறுக்குச் சுவர்களோடு, இடையிடையே உப்பிய செல்களோடு தெளிவாகத் தெரியும். பாக்டீரியாவின் இழை ஒரு மைக்ரான் பருமனுக்கு மேல் இருக்காது. அதைப் பார்க்கக் கிராம் சாயம் என்னும் நிறமேற்றும் முறை வேண்டும்.

ஆனால் மேலே வரும் குருணை பெரும்பாலும் செத்ததாகவோ, தோலின் மற்றக் கிருமிகள் ஒட்டியதாகவோ இருக்கும் என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு ஆழத்திலிருந்து அறுத்தெடுத்த சதையே வேண்டும். இதில் நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது செய்த தவறு ஒன்றை மறக்க முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து எடுத்த சதை முழுவதையும் வழக்கப்படி ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். வளர்ப்புக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தக் குருணையும் வெள்ளை. திசுப் பரிசோதனையும் உறுதியாக எதையும் சொல்லவில்லை. கரும்பு வெட்டும் அந்த அம்மாள் கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை வந்து, இரண்டாம் முறை அறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு துணுக்கு ஃபார்மலினில், மற்றொரு துணுக்கு கிருமி நீக்கிய உப்புநீரில் என்று இரண்டு புட்டிகளாகப் பிரிக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சீட்டில் 'மைசிடோமா ஐயம், ஆறு வாரம் வரை வைத்துப் பார்க்கவும்' என்றும் எழுத வேண்டும். இல்லையென்றால் வழக்கமான சீழ் என்று எண்ணி இரண்டே நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் அனுப்பும் நோயாளியின் கையில் இந்தக் குறிப்பையும் கொடுத்தனுப்புங்கள். செவிலியர் எழுதிய குறிப்பு என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள்; ஒதுக்கினால் மருத்துவ அலுவலரின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. கணுக்காலுக்கு மேலே மூன்று ஆண்டுகளாக மரு போலத் தடித்து, பூக்கோசு போலப் பரவி வருகிறது. துளை இல்லை, குருணை இல்லை, அரிப்பு உண்டு. மேலே மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. இதுவும் மதுரா காலா? (வாசகர், குலசேகரம்)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி இது மதுரா காலாக இருக்க வாய்ப்பு குறைவு. அதன் ஒன்றுவிட்ட உறவான குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்னும் பூஞ்சை நோயாக இருக்கலாம். அதுவும் முள்ளும் மரச்சிராம்பும் வழியே வருவதுதான், ஈரமும் மரமும் மிகுந்த உங்கள் பகுதிக்கு அது பொருந்துகிறது. தோல் காசநோயும் தோல் புற்றும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் மிளகுத்தூள் என்று சொன்ன அந்தக் கறுப்புப் புள்ளிகள் இரத்தமும் பூஞ்சையும் கலந்து தோல் வெளியே தள்ளிய பொருக்குகள்; சுரண்டி எடுக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தேய்ந்த செப்புக் காசுகளைப் போன்ற பழுப்பு வட்டங்கள் கொத்தாகத் தெரியும். அவை தெரிந்துவிட்டால் நோய் உறுதி. இட்ராகோனசோலோ டெர்பினாஃபினோ மாதக்கணக்கில் உண்ண வேண்டியிருக்கும். சிறிய இடமாக இருந்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் அறுத்தெடுப்பதும் கைகொடுக்கும். மரு என்று நினைத்து ஆசிட் வைப்பதையும், சூடு போடுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். தோல் மருத்துவரிடம் போகும் நாளில் காலில் எண்ணெயோ களிம்போ பூசாமல், அந்தப் புள்ளிகளைக் கழுவித் தேய்த்து எடுத்துவிடாமல் செல்லுங்கள்.